மக்கள் மேலயும் பந்தயம், மண்ணு மேலயும் பந்தயம்: ஜேம்ஸ் வில்சன் கதை

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல ஜட்ஜா பதவியில இருக்கும்போதே, கடன் குடுத்தவங்க போட்ட கேஸ்ல ஜெயிலுக்குப் போய் உக்காந்த ஒரே ஆளு ஜேம்ஸ் வில்சன். அதுவும் ரெண்டு தடவை. இத்தனைக்கும் 1776 சுதந்திரப் பிரகடனம், 1787 அரசியல் சட்டம் ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டவங்க மொத்தமே ஆறு பேருதான், அதுல இவரும் ஒருத்தரு. நாட்டுக்கு ஜனாதிபதின்னு ஒரே ஒரு ஆளு இருக்கணும்னு முதல்ல எந்திரிச்சு முன்மொழிஞ்சதே இவருதான். ஆனா வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின், ஹாமில்டன்னு பேரு சொல்ற யாரும் அஞ்சாவதா வில்சன்னு சொல்ல மாட்டாங்க, அமெரிக்காக்காரங்களே சொல்ல மாட்டாங்க, வில்சன்னா அவங்களுக்கு முதல் உலகப்போர் காலத்து உட்ரோ வில்சன்தான் ஞாபகம் வரும்.

கடன்ல மூழ்கி மானம் போனதாலதான் இவரை மறந்துட்டாங்கன்னு பொதுவா சொல்லுவாங்க. அது ஓரளவுக்கு சரிதான். எனக்கென்னவோ இவரோட பெரிய யோசனைகளும் இவரோட அழிவும் ஒரே குணத்துல இருந்து வந்த மாதிரிதான் தோணுது. நாளைக்கு இந்த நாடு ஜனத்தால நிரம்பி வழியப் போகுது, அந்த நாளை நம்பி இன்னைக்கே துணிஞ்சு இறங்கணும்ங்கிற குணம் அது. அரசியல்ல அந்த நம்பிக்கை ஜெயிச்சுச்சு, வரவுசெலவு கணக்குல அது ஆளையே முடிச்சிடுச்சு.

1742ல ஸ்காட்லாந்துல ஃபைஃப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துல பொறந்தவரு. பையன் சர்ச் பாதிரியார் ஆகணும்னு வீட்டுல ஆசை, ஸ்காலர்ஷிப்ல செயின்ட் ஆண்ட்ரூஸ் யுனிவர்சிட்டிக்குப் போனாரு, அப்பா செத்ததும் அந்தப் பாதை அடைஞ்சு போச்சு. 1765ல கப்பல் ஏறி அமெரிக்கா வந்தாரு, ஸ்டாம்ப் வரிக்கு எதிரா காலனிகள் முழுக்கக் கொதிச்சுக்கிட்டு இருந்த வருஷம் அது. பிலடெல்பியா காலேஜ்ல லத்தீன் சொல்லிக்குடுக்குற வேலை கெடைச்சுது, அதுல காசு தேறாதுன்னு சீக்கிரமே புரிஞ்சிருக்கும் போல, ஜான் டிக்கின்சன்ங்கிற பெரிய வக்கீல்கிட்ட ஜூனியரா சேர்ந்து சட்டம் படிச்சு, முதல்ல ரீடிங், அப்புறம் கார்லைல்னு உள்நாட்டு ஊர்கள்ல பிராக்டிஸ் ஆரம்பிச்சாரு. கார்லைல் அப்போ எல்லைப்புற ஊரு, வர்ற கேஸ்ல நிறைய நிலத் தகராறு. நிலத்தோட ருசி இவருக்கு ஒட்டினது அங்கதான்.

1774ல ஒரு சின்ன புத்தகம் போட்டாரு, எழுதினது என்னவோ 1768லயே. பிரிட்டிஷ் பார்லிமென்ட்டுக்கு காலனிகள் மேல எந்த அதிகாரமும் கிடையாது, ராஜா ஒருத்தரோட மட்டும்தான் எங்களுக்கு சம்பந்தம்ங்கிறதுதான் அதுல வாதம். மனுஷங்க எல்லாரும் இயற்கையில சமம், ஒருத்தனோட சம்மதம் இல்லாம அவன் மேல யாருக்கும் அதிகாரம் இல்லைன்னு அதுல தெளிவா எழுதியிருந்தாரு. ஜெஃபர்சன் அதுல இருந்து சில பகுதிகளைத் தன்னோட குறிப்பு நோட்டுல எழுதி வெச்சிருந்தாரு, அதுக்கப்புறம் அவரு எழுதின பிரகடனத்துல என்ன வாசகம் வந்துச்சுன்னு உலகத்துக்கே தெரியும். ஆனா 1776 ஜூன்ல, காலனிகளோட பிரதிநிதிங்க கூடின காங்கிரஸ்ல சுதந்திரப் பேச்சு வந்தப்போ, வில்சன் கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொன்னாரு, பென்சில்வேனியா ஜனங்ககிட்ட இருந்து அனுமதி வரட்டும்னு நின்னாரு. கடைசியில ஜூலை 2ஆம் தேதி டிக்கின்சனும் ராபர்ட் மோரிஸும் ஒதுங்கிக்கிட்டதால பென்சில்வேனியா 3க்கு 2ன்னு சுதந்திரத்துக்கு ஓட்டுப் போட்டுச்சு, அந்த 3ல வில்சன் ஒண்ணு. இதை வெச்சு இவரைக் கோழைன்னு சொல்றவங்க உண்டு. மக்கள் சம்மதம்தான் அதிகாரம்னு புத்தகம் போட்ட ஆளு அந்த சம்மதத்துக்காகக் காத்திருந்தாருன்னு நான் எடுத்துக்குறேன்.

இனிமேதான் கதை சூடு பிடிக்குது. மக்கள்தான் எல்லாம்னு எழுதின இவரையே மக்கள் துப்பாக்கி எடுத்துட்டு தேடி வந்தாங்க.

1778ல பிலடெல்பியாவுக்குக் குடி வந்துட்டாரு. பிரிட்டிஷ் படை அந்த ஊரைப் பிடிச்சு வெச்சிருந்து அப்பதான் காலி பண்ணிட்டுப் போயிருந்துச்சு, அவங்களுக்கு உதவி பண்ணாங்கன்னு பலபேர் மேல தேசத்துரோக வழக்கு பாய்ஞ்சுச்சு. வில்சன் அவங்களுக்காக ஆஜரானாரு. பெரும்பாலானவங்க விடுதலை ஆனாங்க, ரெண்டு பேரை மட்டும் தூக்குல போட்டாங்க. ஊர்ல ஏற்கெனவே விலைவாசி எகிறிக்கிட்டு இருந்துச்சு, காங்கிரஸ் அடிச்ச காகிதப் பணத்துக்கு மதிப்பே இல்லாம போச்சு, ரொட்டி மாவு வாங்க முடியல, வியாபாரிங்க பதுக்குறாங்கன்னு ஜனங்களுக்கு வயித்தெரிச்சல். விலைக்கு உச்சவரம்பு வேணும்னு ஒரு கூட்டம் கேக்குது, வில்சனும் அவரோட பணக்கார நண்பர்களும் அதெல்லாம் வேலைக்கு ஆகாதுங்குறாங்க. போதாக்குறைக்கு துரோகிங்களுக்கு வக்கீல்ங்கிற பேரு வேற.

1779 அக்டோபர் 4. மிலிஷியாக்காரங்க, அதாவது போருக்குப் போய் சம்பளம் ஒழுங்கா வராம திரும்பின சாதாரண ஆளுங்க, ஒரு மதுக்கடையில கூடினாங்க, சில வியாபாரிகளைப் பிடிச்சு முன்னாடி நடக்க விட்டுக்கிட்டு மேளம் அடிச்சுட்டே தெருத்தெருவா ஊர்வலம் வந்தாங்க. தேர்ட் ஸ்ட்ரீட்டும் வால்நட் ஸ்ட்ரீட்டும் சேர்ற முனையில வில்சன் வீடு. உள்ள வில்சன், ராபர்ட் மோரிஸ், இன்னும் இருபது முப்பது பேரு துப்பாக்கியோட. ராபர்ட் கேம்பெல்ங்கிற கேப்டன் ஜன்னலைத் திறந்து கத்தினாரு, அந்த இடத்துலயே சுட்டுக் கொல்லப்பட்டாரு. முதல் குண்டு யாரோடதுன்னு இன்னைக்கு வரைக்கும் தகராறு. கதவை உடைச்சு உள்ள ஏறிட்டாங்க, மாடிப்படியில இருந்து உள்ள இருந்தவங்க சுட்டாங்க, அந்த நேரத்துக்கு மாகாணத் தலைவர் ஜோசப் ரீட் குதிரைப்படையோட வந்து சேர்ந்ததாலதான் வில்சன் உயிர் தப்பிச்சாரு. ரெண்டு பக்கமும் சேர்த்து அஞ்சாறு பேரு செத்தாங்க, காயம் பட்டவங்க அதைவிட அதிகம். வில்சன் கொஞ்ச நாள் ஊரை விட்டே போய் இருந்துட்டு வந்தாரு. அதுக்கப்புறம் அந்த வீட்டுக்கு ‘வில்சன் கோட்டை’ன்னே பேரு ஆயிடுச்சு.

இப்படி ஒரு அனுபவம் ஆன ஆளு என்ன ஆகியிருக்கணும்? ஜனங்களைக் கண்டாலே பயந்து, ஓட்டுரிமையை சொத்து இருக்கிறவங்களோட நிறுத்தணும்னு வாதாடியிருக்கணும். 1787ல அரசியல் சட்டம் எழுதக் கூடின பிலடெல்பியா மாநாட்டுக்கு வந்த 55 பேர்ல அப்படி நினைச்சவங்க நிறைய பேரு இருந்தாங்க. வில்சன் நேர் எதிரா நின்னாரு. இதுதான் இந்த மனுஷன்கிட்ட என்னை ஆச்சரியப்படுத்துற விஷயம்.

அந்த மாநாட்டுல இவரு பேசினது 168 தடவை, இவரைவிட அதிகமா பேசினது கவர்னர் மோரிஸ் ஒருத்தருதான் (கவர்னர்ங்கிறது அவரு பேரு, பதவி இல்ல). உயரமான ஆளு, தடிமனான கண்ணாடி, ஸ்காட்டிஷ் உச்சரிப்பு. ஜார்ஜியாவுல இருந்து வந்த வில்லியம் பியர்ஸ் கூட இருந்தவங்களைப் பத்தியெல்லாம் சின்னச் சின்னக் குறிப்பு எழுதி வெச்சிருக்காரு, வில்சனைப் பத்தி எழுதும்போது இவரு பெரிய சொற்பொழிவாளர் இல்ல, ஆனா வாதத்தோட பலத்தாலயே ஆளைக் கட்டிப் போட்டுடுவாருங்குறாரு.

ஜூன் 1ஆம் தேதி, நிர்வாகத் தலைமை ஒரே ஆளுகிட்ட இருக்கணும்னு வில்சன் முன்மொழிஞ்சாரு. சபையில ஒருத்தரும் வாயைத் திறக்கல. ரொம்ப நேரம் அமைதியா இருந்துச்சுன்னு, மாநாட்டுல நடந்ததை எழுதி வெச்ச மேடிசனோட குறிப்புல இருக்கு. ராஜாவை விரட்டி பத்து வருஷம்தான் ஆகுது, இப்போ இன்னொரு ஒத்தை ஆளான்னு எல்லாருக்கும் உள்ளுக்குள்ள உதறல், அதே ஹால்ல வாஷிங்டன் வேற உக்காந்திருக்காரு, அந்த நாற்காலிக்கு யாரு வருவாங்கன்னும் எல்லாருக்கும் தெரியும். ஃபிராங்க்ளின்தான் பேசுங்கப்பான்னு தொடங்கி வெச்சாரு. வர்ஜீனியாவோட ராண்டால்ஃப் இதை முடியாட்சியோட கருன்னு சொல்லி எதிர்த்தாரு. மூணு நாள் கழிச்சு, மாநிலத்துக்கு ஒரு ஓட்டுங்கிற கணக்குல, 7க்கு 3ன்னு பாஸ் ஆச்சு.

ஒரே ஆளுன்னு மட்டும் விட்டிருந்தா இவரும் ஹாமில்டன் மாதிரி வலுவான ஆட்சி கேட்ட ஆளுன்னு போயிருக்கும். அந்த ஒத்தை ஆளை ஜனங்களே நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும்னும் கேட்டாரு. நடைமுறைக்கு ஒத்து வராத கற்பனைன்னு நீங்க நினைக்கலாம்னு அவரே தயங்கித் தயங்கித்தான் சொன்னாரு. யாரும் சீந்தல. மறுநாளே ஒரு மாத்து யோசனையோட வந்தாரு, மாவட்டம் மாவட்டமா பிரிச்சு ஜனங்க சில பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கட்டும், அந்தப் பிரதிநிதிங்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கட்டும்னு. அதுவும் 8க்கு 2ன்னு தோத்துச்சு. ஜூலையில நேரடி ஓட்டு மறுபடி வந்தப்போ பென்சில்வேனியா மட்டும்தான் ஆதரவு, 9க்கு 1. அப்புறம் செப்டம்பர்ல, எல்லாரும் வீட்டுக்குப் போற அவசரத்துல இருந்தப்போ, ஒரு கமிட்டி தூசு தட்டி எடுத்தது கிட்டத்தட்ட வில்சனோட அந்த ரெண்டாவது யோசனையைத்தான். இன்னைக்கு எலக்டோரல் காலேஜ்ன்னு தேர்தலுக்குத் தேர்தல் தலையைப் பிச்சுக்குறாங்களே, அதோட வேர் அதுதான், நேரடி ஓட்டைக் கேட்டுக் கெடைக்காத ஆளோட சமரசத் திட்டம். செனட்டையும் ஜனங்களே தேர்ந்தெடுக்கணும்னு கேட்டாரு, அதுவும் தோத்துச்சு. 1913ல 17ஆவது திருத்தம் வந்துதான் அது நடந்துச்சு.

ஜூலை 13ஆம் தேதி பேச்சு ஒண்ணு இருக்கு. மேற்கே புதுசா உருவாகப் போற மாநிலங்களுக்கு சம பலம் குடுக்கக் கூடாது, இல்லன்னா நாளைக்கு அவங்க கடற்கரை மாநிலங்களை அமுக்கிடுவாங்கன்னு சிலபேர் பயந்தாங்க. வில்சன் சொன்னாரு, பெரும்பான்மை எங்க இருக்கோ அதுதான் ஆளணும், உள்நாட்டுல ஜனம் பெருகிப் பெரும்பான்மை ஆனா அதிகாரம் அவங்களோட உரிமை, நாம விரும்பினாலும் விரும்பாட்டியும் எடுத்துக்கத்தான் போறாங்க. அதே உள்நாட்டுல இவரு அப்போ ஏக்கர் கணக்குல நிலம் வாங்கிக்கிட்டு இருந்தாரு. இல்லினாய்-வாபாஷ் கம்பெனின்னு ஒரு பெரிய நிலக் கம்பெனிக்கு தலைவரே இவருதான். சுயநலத்துக்காகத்தான் பேசினாருன்னு லேசா சொல்லிடலாம். ஆனா அது கொள்கையா பேராசையான்னு அவருக்கே தனித்தனியா பிரிச்சுத் தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன்.

கறையும் உண்டு, அதைச் சொல்லாம விட முடியாது. அடிமைகள்ல 5 பேரை 3 பேரா கணக்குல எடுத்துக்கிட்டு மாநிலங்களுக்கு இடம் ஒதுக்கணும்ங்கிற அந்த அசிங்கமான விகிதத்தை ஜூன் 11ல சபையில முன்மொழிஞ்சது இதே வில்சன்தான். இதுக்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியல, சமரசத்துக்காக ஒத்துக்குறேன்னு பின்னாடி அவரே சொன்னாரு. இவரு வீட்டுலயும் ஒரு அடிமை ரொம்ப வருஷம் இருந்தாரு, 1790கள்லதான் விடுதலை. மனுஷங்க எல்லாரும் சமம்னு எழுதின அதே கைதான்.

ஜூலை கடைசியில அஞ்சு பேர் கொண்ட கமிட்டி முதல் முழு வரைவைத் தயார் பண்ணுச்சு, அதுல பல காகிதங்கள் வில்சன் கையெழுத்துலதான் இருக்கு. ‘மக்களாகிய நாங்கள்’னு ஆரம்பிக்கிற அந்த வரியோட ஆரம்ப வடிவமும் அதுல உண்டு, அப்போ ஒவ்வொரு மாநிலத்தோட பேரையும் வரிசையா அடுக்கியிருந்தாங்க, கவர்னர் மோரிஸ்தான் அப்புறம் அதைச் சுருக்கினாரு. கடைசி நாள், செப்டம்பர் 17, எல்லாரும் குறையை விட்டுட்டு கையெழுத்துப் போடுங்கன்னு ஃபிராங்க்ளின் எழுதின புகழ்பெற்ற உரை இருக்கே, 81 வயசுக் கிழவருக்கு நின்னு படிக்கத் தெம்பு இல்லாததால அதைப் படிச்சது வில்சன். ஃபிராங்க்ளின் பேரு நிக்குது, குரல் குடுத்த ஆளை யாருக்கும் தெரியல. மாநாடு மூடின கதவுக்குள்ள நடந்துச்சு, மேடிசனோட குறிப்புகள் அச்சுல வந்ததே 1840லதான், அதுக்குள்ள வில்சன் செத்து 42 வருஷம் ஆயிடுச்சு. யாரு என்ன பேசினாங்கன்னே வெளிய தெரியாதப்போ பாராட்ட யாரு வருவாங்க?

அந்தச் சட்டத்தை மாநிலங்கள் ஏத்துக்கணுமா வேண்டாமான்னு நடந்த ஒப்புதல் சண்டையில முன்னாடி நின்னதும் இவருதான். அக்டோபர் 6ஆம் தேதி மாகாண சபை வளாகத்துல இவரு பேசின பேச்சு நாடு முழுக்க பத்திரிகைகள்ல வந்துச்சு. உரிமைகள் பட்டியல் தனியா தேவையில்ல, குடுக்காத அதிகாரம் மத்திய அரசுக்கு எப்படியும் கிடையாதேன்னு அதுல வாதாடினாரு. லாஜிக் சரி, ஆனா ஜனங்க ஒத்துக்கல, முதல் பத்துத் திருத்தங்கள் வந்தே தீர்ந்துச்சு. டிசம்பர்ல பென்சில்வேனியா 46க்கு 23ன்னு ஒப்புதல் குடுத்துச்சு. அதே மாசம் கார்லைல்ல, இவரு வக்கீலா வளர்ந்த அதே ஊர்ல, இவரோட கொடும்பாவியை எரிச்சாங்க.

1789ல வாஷிங்டனுக்கு லெட்டர் எழுதி தலைமை நீதிபதி பதவியை வாய்விட்டே கேட்டாரு. அது ஜான் ஜேக்குப் போச்சு, வில்சனுக்கு வருஷம் 3500 டாலர் சம்பளத்துல சாதாரண ஜட்ஜ் பதவி. வாஷிங்டனுக்கு கடன் விவகாரம் காதுல விழுந்திருக்கலாம்னு ஊகிக்கிறவங்க உண்டு. 1793ல சிஸ்ஹோம் எதிர் ஜார்ஜியா வழக்கு வந்துச்சு. போர்க்காலத்துல சரக்கு வாங்கிட்டு ஜார்ஜியா மாநிலம் காசு குடுக்கல, செத்துப்போன வியாபாரியோட சொத்துக்குப் பொறுப்பாளர் கேஸ் போட்டாரு, நாங்க இறையாண்மை உள்ள மாநிலம், எங்களைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதுன்னு ஜார்ஜியா ஆஜராகவே இல்ல. 4க்கு 1ன்னு ஜார்ஜியாவுக்கு எதிரா தீர்ப்பு. இந்த அரசியல் சட்டத்துல இறையாண்மைங்கிற சொல்லே கிடையாது, இங்க எல்லாம் மக்கள்தான், ஒரு மனுஷன் வாக்கைக் காப்பாத்தணும்னா மனுஷங்க சேர்ந்த மாநிலமும் காப்பாத்தித்தான் ஆகணும்னு வில்சன் எழுதினாரு. மாநிலங்கள் கொதிச்சு எழுந்து 1795ல 11ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டுட்டாங்க. எதிர்த்து எழுதின அந்த ஒத்தை ஜட்ஜ் ஜேம்ஸ் ஐர்டெல், வட கரோலினாவுல ஈடன்டன் ஊர்க்காரரு. பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

வாங்கின கடனை மாநிலமே குடுக்கணும்னு தீர்ப்பு எழுதின நேரத்துல இவரோட சொந்தக் கணக்கு எப்படி இருந்துச்சுன்னா, ஒரு நிலத்தை அட்வான்ஸ் குடுத்து வளைச்சுப் போட வேண்டியது, அதைக் காட்டி புரோநோட்டு எழுதிக் கடன் வாங்க வேண்டியது, அந்தக் காசுல அடுத்த நிலத்துக்கு அட்வான்ஸ். நம்ம ஊர் ரியல் எஸ்டேட் ஆளுங்க பவர் பத்திரத்தை வெச்சே பத்து மனை கைமாத்துற அதே வித்தைதான், இங்க மட்டும் லட்சக்கணக்கான ஏக்கர். ஐரோப்பாவுல இருந்து குடியேறிகளும் முதலீடும் வந்து குவியும், விலை பத்து மடங்காகும்ங்கிறது கணக்கு, இதுக்காக ஐரோப்பியப் பணக்காரங்களுக்கு விரிவா ஒரு திட்டமே எழுதி வெச்சிருந்தாரு. ஜட்ஜா இருந்துக்கிட்டே ஜார்ஜியாவோட யாசூ நிலத்துலயும் பணம் போட்டாரு, 1795ல எம்எல்ஏக்களுக்கு லஞ்சம் குடுத்து நடந்த விற்பனைன்னு நாறிப்போய் அடுத்த வருஷமே ரத்தான அதே யாசூ. குடியேறிகள் வராம இல்ல, வந்தாங்க, ஆனா வில்சனோட தவணைத் தேதிக்கு முன்னாடி வரல. ஐரோப்பாவுல போர், 1797ல பேங்க் ஆஃப் இங்கிலாந்தே தங்கம் குடுக்கிறதை நிறுத்துச்சு, கடன் வரத்து வறண்டு போச்சு, நில விலை படுத்துச்சு. புரட்சிக்கே நிதி திரட்டிக் குடுத்த ராபர்ட் மோரிஸ் இதே வியாபாரத்துல போண்டியாகி பிலடெல்பியாவுல கடன் ஜெயிலுக்குப் போனாரு. ஒரு தலைமுறையே பண்ண தப்பு இது.

1793ல, முதல் மனைவி ரேச்சல் இறந்து ஏழு வருஷம் கழிச்சு, பாஸ்டன்ல 19 வயசு ஹன்னா கிரேயைக் கல்யாணம் பண்ணியிருந்தாரு, இவருக்கு 51. அந்தப் பொண்ணு பாத்த குடும்ப வாழ்க்கை பூரா கடன்காரங்க கதவு தட்டுற சத்தம்தான். 1797ல நியூஜெர்சி பர்லிங்டன்ல வில்சனைப் பிடிச்சு உள்ள போட்டாங்க, மகன் பேர்ட் அலைஞ்சு திரிஞ்சு ஜாமீன் ஏற்பாடு பண்ணாரு. அங்கிருந்து தெற்கே ஓடினாரு. கூடவே மாநாட்டுல உக்காந்து அரசியல் சட்டத்துல கையெழுத்துப் போட்ட தென் கரோலினாவோட பியர்ஸ் பட்லர், தனக்கு வரவேண்டிய 1,97,000 டாலருக்காக வட கரோலினாவுல மறுபடி உள்ள தள்ளினாரு. காட்டு மிருகத்தை வேட்டையாடுற மாதிரி என்னைத் துரத்துறாங்கன்னு வில்சன் ஒரு கடிதத்துல எழுதியிருக்காரு. இவ்வளவுக்கும் நடுவுல ராஜினாமா பண்ணல, அந்தச் சம்பளமும் போனா என்ன கதி.

கடைசியா ஒதுங்கினது ஈடன்டன்ல, ஐர்டெல்லோட ஊர்ல, கோர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு சத்திரத்துல. மலேரியா வந்துச்சு, அப்புறம் பக்கவாதம், 1798 ஆகஸ்ட் 21ஆம் தேதி 55 வயசுல செத்துப் போனாரு. தீர்ப்புல எதிரா எழுதின ஐர்டெல் குடும்பம்தான் ஹன்னாவைப் பாத்துக்கிச்சு, ஐர்டெல்லோட மச்சான் தோட்டத்துல அடக்கம் பண்ணாங்க. காலியான நாற்காலிக்கு வந்தது புஷ்ராட் வாஷிங்டன், ஜனாதிபதியா இருந்த வாஷிங்டனோட அண்ணன் தம்பி வழிப் பையன், ஒரு காலத்துல வில்சன்கிட்டயே சட்டம் படிச்சவரு. தேசிய அளவுல முதல் திவால் சட்டம் வந்தது 1800ல, ராபர்ட் மோரிஸ் அதை வெச்சு அடுத்த வருஷம் வெளிய வந்தாரு, வில்சனுக்கு ரெண்டு வருஷம் லேட். மகன் பேர்ட் 1804ல அப்பாவோட எழுத்துகளை மூணு தொகுதியா வெளியிட்டாரு.

1906 அக்டோபர்ல ஹாரிஸ்பர்க்ல பேசின அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், பெரிய கம்பெனிகளை மாநிலங்களால அடக்க முடியலன்னா மத்திய அரசுக்கு அந்த அதிகாரம் உண்டுன்னு வாதாட வில்சனைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டாரு. அடுத்த மாசமே ஈடன்டன்ல இருந்து எலும்புகளைத் தோண்டி எடுத்து, கடற்படைக் கப்பல்ல கொண்டுவந்து, பிலடெல்பியா கிரைஸ்ட் சர்ச்ல ரேச்சல் பக்கத்துல மறுபடி அடக்கம் பண்ணாங்க. செனட் விஷயத்துல அவரு கேட்டது அதுக்கப்புறம் ஏழு வருஷத்துல கெடைச்சுடுச்சு. ஜனாதிபதிக்கு நேரடி ஓட்டுங்கிறது இன்னும் வரல. 1969ல அதுக்கான திருத்தம் பிரதிநிதிகள் சபையில 338க்கு 70ன்னு பாஸ் ஆச்சு, அடுத்த வருஷம் செனட்ல பேசிப் பேசியே இழுத்தடிச்சு ஓட்டெடுப்புக்கே விடாம முடக்கிட்டாங்க.